இமயமலையில் பறவை நோக்கல்: முதல் பயணத்துக்கு எந்தப் பகுதி, நம் பயணத்தால் யாருக்குப் பயன்?

கேள்வி: ஏரிக்கரை

வணக்கம். பல ஆண்டுகளாகச் சமவெளி ஏரிகளிலும் வயல்வெளிகளிலும் பறவை பார்த்து வருகிறேன். நீர்ப்பறவைகளும் குளிர்காலத்தில் வலசை வரும் வாத்துகளும் ஓரளவு பழகிவிட்டன. மலைக்காட்டில் கிளைகளுக்கிடையே நொடிப்பொழுதில் தோன்றி மறையும் சிறு பறவைகளை அடையாளம் காணும் பழக்கம்தான் எனக்குக் குறைவு. இந்த ஆண்டு இமயமலைக்குச் செல்வது என்று முடிவு செய்திருக்கிறேன். உடன் வருபவர் என் அப்பா. அவருக்கு அறுபத்தெட்டு வயது. பறவைகள் மீது என்னைவிட ஆர்வம் மிகுந்தவர். முழங்கால்தான் நீண்ட ஏற்றங்களுக்கு இடங்கொடுப்பதில்லை.

இரண்டு பகுதிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியவில்லை. ஒன்று உத்தராகண்டின் குமாவுன் மலைப்பகுதி. சாத்தால், பங்கோட் ஆகிய இடங்களைப் பற்றிப் பலரும் சொல்கிறார்கள். மற்றொன்று அருணாசலப் பிரதேசத்தின் மேற்குக் காமெங் மாவட்டத்திலுள்ள ஈகிள்நெஸ்ட் காட்டுயிர்ச் சரணாலயம். முதல் பயணத்துக்கு இவற்றில் எது பொருத்தம், எந்த மாதத்தில் செல்ல வேண்டும்?

இதைவிட என்னை அதிகம் உறுத்தும் கேள்வி ஒன்றும் உண்டு. மலைநகரங்களுக்குச் சுற்றுலா என்ன செய்திருக்கிறது என்பதை எல்லோரும் பார்க்கிறோம்: சரிவை வெட்டிக் கட்டிய விடுதிகள், மணிக்கணக்கில் நிற்கும் வாகன வரிசை, ஓடையெங்கும் நெகிழிக் குப்பை. பறவை நோக்கல் இதிலிருந்து உண்மையாகவே வேறுபட்டதா, அல்லது அதே சுற்றுலாவுக்கு இன்னொரு பெயரா? குறிப்பாக, ஈகிள்நெஸ்டை ஒட்டிய சிறு பகுதியைத் தவிர வேறெங்கும் பார்க்கப்படாத புகுன் லியோசிக்லா போன்ற பறவையைத் தேடிப் போவதே சரிதானா? போய் வந்தவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: தேவதாரு

அப்பாவும் வருகிறார் என்பதால் முதல் பயணத்துக்குக் குமாவுனையே சொல்வேன். தில்லியிலிருந்து காத்கோதாமுக்கு இரவு ரயில் இருக்கிறது. அங்கிருந்து சாத்தால் காரில் ஒரு மணி நேரத் தொலைவுதான். ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில், ஓக் மரங்களும் பைன் மரங்களும் சூழ்ந்த ஏரிகள் அவை. பறவை பார்க்க மலையேற வேண்டிய தேவையே இல்லை. சாலையோரம் மெதுவாக நடந்தாலே காலைப்பொழுது போதாமல் போகும். அங்கிருந்து நைனிதால் வழியாகப் பங்கோட்டுக்குச் சென்றால் உயரம் 2,000 மீட்டரை நெருங்கிவிடும், பறவைகளும் மாறிவிடும்.

இமயமலையில் பறவை நோக்கும்போது முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இந்த உயர வேறுபாட்டைத்தான். ஒவ்வோர் இனமும் சரிவில் தனக்கென்று ஓர் உயரப்பட்டையை வைத்திருக்கிறது. ஒரே சாலையில் சில நூறு மீட்டர் ஏறினால் ஒரு சிரிப்பான் (laughingthrush) இனம் நின்றுபோய் அதன் இடத்தில் வேறொன்று குரல் கொடுக்கத் தொடங்கும். கோடையில் உயரத்தில் கூடு கட்டும் பறவைகள் பல, பனி விழத் தொடங்கியதும் கீழே இறங்கி வந்துவிடுகின்றன. கண்டம் விட்டுக் கண்டம் போகும் வலசையைப் போல இது அதிகம் பேசப்படுவதில்லை, ஆனால் உங்களைப் போல முதன்முதலாக வருபவருக்கு இதனால் பெரிய நன்மை உண்டு: நவம்பர் முதல் மார்ச் வரை, நீங்கள் உயரத்துக்கு ஏறாமலே உயரத்துப் பறவைகளில் ஒரு பகுதியைச் சாத்தாலிலும் பங்கோட்டிலும் பார்த்துவிடலாம். பிப்ரவரி பிற்பாதியும் மார்ச்சும் மிக நல்ல காலம். குளிர்கால விருந்தாளிகள் இன்னும் இருப்பார்கள், உள்ளூர்ப் பறவைகளும் பாடத் தொடங்கியிருக்கும்.

ஏரிப் பறவைகளுக்குப் பழகிய கண்ணை முதலில் திகைக்க வைப்பது, பல இனப் பறவைகள் ஒன்றாக இரை தேடிச் செல்லும் கலவைக் கூட்டம். காடு அரை மணி நேரம் வெறிச்சோடிக் கிடக்கும். பிறகு மெல்லிய ஊசி ஒலிகள் கேட்கும்; அடுத்த கணம் மரம் முழுவதும் அசைவாக இருக்கும். கருந்தொண்டைச் சிட்டுகள் தலைகீழாகத் தொங்கி இலையடியைத் துழாவும். கதிர்க்குருவிகள் ஓரிடத்தில் நில்லாமல் துருதுருவென்று அலையும். நட்ஹாட்ச் அடிமரத்தில் தலைகீழாக இறங்கி வரும். இவையெல்லாம் கிளப்பிவிடும் பூச்சிகளுக்காகக் கரிச்சான் மேல்கிளையில் காத்திருக்கும். இரண்டு மூன்று நிமிடங்களில் கூட்டம் கடந்துவிடும். எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு பறவையைத் தேர்ந்தெடுத்து அது மறையும்வரை அதையே பாருங்கள். அதே கூட்டம் அதே சரிவில் சிறிது நேரம் கழித்து மீண்டும் வரக்கூடும் என்பதால், அதன் பின்னால் ஓடுவதைவிட அங்கேயே நிற்பது நல்லது.

அப்பாவுக்காக இன்னோர் இடம்: சாத்தாலுக்கு அருகே சாஃபி என்ற ஊரில் ஓடும் ஆறு. பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்தால் போதும். வெண்தலை ரெட்ஸ்டார்ட் நீர் தெறிக்கும் கல்லின் மேல் நின்று செம்பழுப்பு வாலை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். கருஞ்சாம்பல் ரெட்ஸ்டார்ட் வாலை விசிறிபோல் விரித்து மூடும். பழுப்பு டிப்பர் ஓடும் தண்ணீருக்குள் மூழ்கி, அடியிலுள்ள கற்களுக்கிடையே புழுக்களைத் தேடிவிட்டு, மூழ்கிய இடத்துக்குச் சற்று அப்பால் எழும்பும். கொண்டை மீன்கொத்தியும் அங்கே உண்டு. நாம் ஏரியில் பார்க்கும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியைவிட அது நன்றாகவே பெரியது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இமயமலையில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பங்கோட்டைத் தாண்டி விநாயக் என்ற இடத்தின் செங்குத்தான புல்சரிவுகளில் சீர் ஃபெசன்ட் வாழ்கிறது. வைக்கோல் நிறமும் வரிகளும் கொண்ட, நீண்ட வாலுடைய காட்டுக்கோழி இனம். மரம் அடர்ந்த காட்டை அது விரும்புவதில்லை. ஊர்மக்கள் ஆண்டுதோறும் புல் அறுத்து, மாடு மேய்த்து வரும் சரிவுகளே அதற்கு ஏற்றவை. மனிதரை முழுவதுமாக அகற்றிவிட்டால் எல்லாப் பறவைகளும் நலமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் இந்த இனத்தைப் பற்றிச் சிறிது படிக்க வேண்டும். அதே நைனிதால் மலைகளில்தான் 1876-இல் இமயமலைக் காடை கடைசியாக உறுதிப்பட்ட பதிவாகக் கிடைத்தது. அது இன்னும் எங்கேனும் இருக்கக்கூடும் என்று புல்சரிவுகளைத் துழாவுபவர்கள் இன்றும் உண்டு.

நம் பயணத்தால் யாருக்குப் பயன் என்று கேட்டிருந்தீர்கள். பங்கோட் போன்ற ஊர்களில் ஹோம்ஸ்டே நடத்தும் குடும்பமும், காலையில் உங்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டி இளைஞரும் அதே ஊர்க்காரர்களாக இருந்தால், நீங்கள் கொடுப்பதில் பெரும்பகுதி அங்கேயே நிற்கும். நகர முதலீட்டில் எழுந்த ரிசார்ட்டில் தங்கினால் அந்த ஊருக்குக் கிடைப்பது சில பணியாளர்களின் ஊதியம் மட்டும்தான். ஆகவே முன்பதிவு செய்வதற்கு முன் தொலைபேசியில் பேசி, வீடு யாருடையது, வழிகாட்டி எந்த ஊர் என்று கேட்டுவிடுங்கள். அந்த வேலையில் இருக்கும் உள்ளூர்க்காரர்கள் இந்தக் கேள்வியை மகிழ்ச்சியோடுதான் எதிர்கொள்கிறார்கள்.

மறுமொழி: மூங்கில்புதர்

தேவதாரு சொன்னதை முதல் பயணத்தைப் பொறுத்தவரை நானும் ஏற்கிறேன். ஈகிள்நெஸ்டைப் பற்றிய உங்கள் இரண்டாம் கேள்விக்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் பறவை நோக்கல் சுற்றுலா ஒரு காட்டுக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு இமயமலையில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

சரணாலயம் 218 சதுர கிலோமீட்டர் பரப்புடையது, 1989-இல் அறிவிக்கப்பட்டது. அதன் தாழ்வான பகுதி 500 மீட்டர் அளவிலும் உயரமான பகுதி 3,200 மீட்டருக்கு மேலும் இருக்கிறது. இவ்வளவு உயர வேறுபாட்டையும் ஒரே ஜீப் பாதை கடந்து செல்கிறது. இராணுவத் தேவைக்காக அமைக்கப்பட்டுப் பிறகு பெரிதும் கைவிடப்பட்ட பாதை அது. மேலே 2,300 மீட்டரையொட்டி லாமா கேம்ப், ஈகிள்நெஸ்ட் கணவாயைத் தாண்டி இறங்கினால் 1,900 மீட்டரையொட்டி போம்பு, இன்னும் கீழே செஸ்னி, கெல்லாங் என்று ஒவ்வொரு முகாமும் ஒவ்வோர் உயரத்தில் இருக்கும். வார்டு தீக்காக்கை, அழகு நட்ஹாட்ச், செங்கழுத்து இருவாச்சி, டெம்மிங்க் ட்ராகோபன் என்று ஒவ்வொன்றையும் தேடி உலகின் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் வருவது இதனால்தான்.

இப்போது லியோசிக்லாவைப் பற்றி. 1995-இல் ரமணா ஆத்ரேயா இந்தப் பறவையை முதன்முதலாகப் பார்த்தார். அவர் தொழிலால் வானியலாளர். இன்னதென்று அப்போது உறுதிப்படுத்த முடியவில்லை. 2005-இல் மீண்டும் பார்த்தார். 2006-இல் அது அறிவியலுக்குப் புதிய இனம் என்று விவரித்து வெளியிட்டார். புதிய இனத்தை விவரிக்கும்போது ஒரு பறவையைக் கொன்று அருங்காட்சியகத்தில் வைப்பது நெடுநாளைய வழக்கம். எண்ணிக்கை அவ்வளவு குறைவாக இருந்ததால் அவர் அதற்கு உடன்படவில்லை. வலையில் பிடித்து அளவெடுத்து விடுவித்த பறவைகளின் சில இறகுகளையும், ஒளிப்படங்களையும், குரல் பதிவுகளையும் கொண்டே விவரித்தார். பெயரும் அந்த நிலத்துக்குரிய புகுன் பழங்குடியினரின் பெயர்தான். கரும்தொப்பி, கண்ணைச் சுற்றிப் பளிச்சென்ற மஞ்சள், சிறகில் மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள், மற்றபடி சாம்பல் கலந்த ஆலிவ் நிறம். அதன் நெருங்கிய உறவினம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் சீனாவின் சிச்சுவான் மலைகளில் இருக்கிறது.

அந்தப் பறவை வாழும் சரிவு சரணாலயத்துக்குள் இல்லை என்பது இங்கே முக்கியமானது. அது சிங்சுங் கிராமத்துப் புகுன் மக்களின் சமூகக் காட்டில் இருக்கிறது. அருணாசலத்தில் காட்டின் பெரும்பகுதி இப்படித்தான் வழக்காற்றின்படி ஊராரின் பொறுப்பில் உள்ளது. அங்கே வெளியிலிருந்து வந்து வேலி போட்டு எதையும் காக்க முடியாது. மரம் வெட்டி விற்பது அப்பகுதியின் முக்கிய வருமானங்களில் ஒன்றாக இருந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியே செல்வதைத் தடுத்தபோது அந்த வருமானம் குறைந்தது. அதற்கு ஈடாக அரசு எதையும் பெரிதாகக் கொடுத்துவிடவில்லை. அந்த இடத்தில்தான் பறவை நோக்குவோர் வந்து சேர்ந்தார்கள். முகாம் நடத்துவது, சமைப்பது, வண்டி ஓட்டுவது, வழிகாட்டுவது என்று ஊராருக்கு வேலை உண்டாயிற்று. பறவை இருக்கும் காடு நிலைத்தால்தான் அந்த வேலையும் நிலைக்கும் என்பது ஊருக்குப் புரிந்தது. 2017-இல் சிங்சுங் மக்கள் தங்கள் காட்டில் 17 சதுர கிலோமீட்டரைச் சமூகக் காப்பகமாக அறிவிக்கச் செய்தார்கள்.

சமூகக் காப்பகம் என்பது காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட வகை. நிலம் ஊராருடையதாகவே இருக்கும். நிர்வாகக் குழுவில் ஊரின் பிரதிநிதிகளும் வனத்துறையின் பிரதிநிதியும் இருப்பார்கள். காட்டை ரோந்து சுற்றுபவர்கள் அந்த ஊர் இளைஞர்கள். அவர்களில் ஒருவரோடு பாதையில் நடந்தபோது நான் கவனித்தது, அவர் பறவையைத் தேடியதைவிடப் பாதையோர மண்ணை அதிகம் பார்த்தார் என்பதுதான். புதிய காலடித் தடம், வெட்டப்பட்ட கழி, கண்ணி கட்டியதற்கான நார் ஆகியவற்றுக்காக அவருடைய கண் பழகியிருந்தது. லியோசிக்லா குரல் கொடுத்தபோது அவர் என்னை நிறுத்தி, சாலையிலிருந்து இறங்க வேண்டாம் என்று கையால் தடுத்துவிட்டு, புதரைக் காட்டினார். அது வெளியே வரவில்லை. நாங்கள் மேலே நடந்துவிட்டோம்.

ஆகவே போவது சரிதானா என்ற கேள்விக்கு என் விடை இது. அந்த ஊரின் முகாமில் தங்கி, அந்த ஊரின் வழிகாட்டியோடு, சாலையிலேயே நின்று, கிடைத்தால் பார்த்து, கிடைக்காவிட்டால் திரும்பி வர ஒருவர் அணியமாக இருந்தால், அவர் போவதால் பறவைக்குக் கேடில்லை, ஊருக்கு நன்மையுண்டு. அந்த ஒரு பறவையின் படத்துக்காக மட்டும் இரண்டு நாள் ஓடி வந்து, குரல் பதிவை ஒலிக்கவிட்டு, புதருக்குள் இறங்குபவர் வராமலிருப்பதே நல்லது. இத்தனை குறைவாக உள்ள இனத்தில் ஓர் இணை தன் இடத்தை விட்டுப் போவதும் சிறு இழப்பல்ல.

ஈகிள்நெஸ்டை ஒட்டியுள்ள பக்கே புலிகள் காப்பகத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருகாலத்தில் இருவாச்சியின் அலகைத் தலையணியில் சூடும் வழக்கமுடைய நிஷி மக்கள் பலர் அங்கே இன்று கூடு காப்பாளர்களாக இருக்கிறார்கள்; அலகுக்குப் பதில் ஃபைபரில் செய்த அலகு வந்துவிட்டது. இருவாச்சிப் பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இருக்கும். சேவல்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். அந்தக் காலத்தில் சேவலைச் சுட்டால் குடும்பமே அழியும். நகரத்திலிருப்பவர்கள் ஒரு கூட்டைத் தத்தெடுத்து அதன் காப்பாளருக்கான செலவை ஏற்கும் திட்டம் பத்தாண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. நேரில் போக இயலாதவர்களுக்கும் இதில் இடமுண்டு.

மறுமொழி: ஏரிக்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. பிப்ரவரி இறுதியில் அப்பாவோடு குமாவுன், ஏப்ரலில் நான் மட்டும் ஈகிள்நெஸ்ட் என்று திட்டமிடுகிறேன். இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. சாத்தாலில் மறைவிடத்துக்குள் உட்கார்ந்து, இரையும் தண்ணீரும் வைத்த இடத்துக்கு வரும் பறவைகளைப் படமெடுப்பதாக அறிகிறேன். அப்பாவுக்கு அது வசதியாக இருக்கும், ஆனால் அது முறையா? வழிகாட்டியே கைப்பேசியில் குரல் பதிவை ஒலிக்கவிட்டால் நான் என்ன சொல்ல வேண்டும்? அருணாசலத்துக்கான அனுமதி, உயரம் ஆகியவற்றைப் பற்றியும் யாரேனும் சொல்லுங்கள்.

மறுமொழி: மென்குரல்

நான் பறவைக் குரல்களைப் பதிவு செய்பவன் என்பதால் இரண்டாவதற்கு முதலில் விடை சொல்கிறேன். குரல் பதிவைக் கேட்டதும் பறவை வெளியே வருவது ஆர்வத்தால் அல்ல. தன் எல்லைக்குள் இன்னொரு சேவல் நுழைந்துவிட்டது என்று அது நம்புகிறது. இரை தேடுவதையும், குஞ்சுக்கு ஊட்டுவதையும் விட்டுவிட்டு அங்குமிங்கும் பறந்து பாடுகிறது; இல்லாத எதிரியைத் தேடுகிறது. ஒருமுறை நடந்தால் அது பொறுத்துக்கொள்ளும். ஆனால் புகழ்பெற்ற பறவைச் சாலைகளில் ஒரே இணையின் எல்லையில் காலை முழுவதும் குழு குழுவாக வந்து ஒலிக்கவிடுகிறார்கள். ஒவ்வொரு குழுவும் தான் ஒருமுறைதான் செய்தோம் என்று நினைத்துக்கொள்கிறது. ஏப்ரலும் மேயும் இனப்பெருக்கக் காலம் என்பதால் ஈகிள்நெஸ்டில் இது மேலும் கவலைக்குரியது.

வழிகாட்டிகளைக் குறைசொல்வதற்கு முன் ஒன்றை நினைக்க வேண்டும். பறவையைக் காட்டாவிட்டால் விருந்தினர் மனம் வருந்துவார், அடுத்தவருக்குப் பரிந்துரைக்க மாட்டார் என்ற அச்சத்தால்தான் பெரும்பாலானோர் கைப்பேசியை எடுக்கிறார்கள். எனவே முதல் நாள் மாலையே, தேநீர் அருந்தும்போது, "குரல் பதிவு வேண்டாம் அண்ணா, கிடைக்கிற பறவை போதும்" என்று சொல்லிவிடுங்கள். அங்கே இந்தியில் "பாய்" என்றோ குமாவுனியில் "தாஜு" என்றோ அழைத்துச் சொன்னால் இன்னும் இயல்பாக இருக்கும். அந்த ஒரு சொல்லால் அவருடைய தோளிலிருந்து பெரிய சுமை இறங்கும். அவர் உண்மையில் எவ்வளவு நல்ல களப்பறவையாளர் என்பதும் அப்போதுதான் உங்களுக்குத் தெரியவரும்: காய்ந்த சருகு கிளறப்படும் ஒலியைக் கேட்டு, அது காலிஜ் என்னும் காட்டுக்கோழியா, சிரிப்பானா என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்.

மறைவிடங்களைப் பொறுத்தவரை என் கருத்து கடுமையானது என்று சிலர் நினைக்கலாம். தண்ணீர்த் தொட்டி வைத்த மறைவிடத்தில் எனக்கு மறுப்பில்லை. வறண்ட மாதங்களில் பறவைகள் எப்படியும் நீருக்கு வரும், மனிதர்கள் கூடாரத் துணிக்குப் பின்னால் ஓரிடத்தில் அமைதியாக அமர்ந்திருப்பதால் காட்டுக்குள் நடமாட்டமும் குறைகிறது. அன்றாடம் ஒரே இடத்தில் தானியமும் உயிருள்ள புழுக்களும் கொட்டுவது வேறு. பல இனங்கள் ஒரே தரையில் நெருங்கி உண்ணும்போது நோய் எளிதில் பரவும். பூனையும் வைரி என்னும் வேட்டைப்பறவையும் அந்த இடத்தைக் கற்றுக்கொள்ளும். ஆந்தைக்கு உயிர் இரை காட்டிப் படமெடுப்பதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன். அப்பாவுக்கு உட்கார்ந்து பார்க்க வசதி வேண்டுமென்றால் தண்ணீர் மட்டும் வைக்கும் இடத்தைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள், அல்லது சாஃபி ஆற்றங்கரையே போதும்.

பார்த்தவற்றை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவு செய்யுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இமயமலையின் பல பள்ளத்தாக்குகளில் எந்தப் பறவை எந்த மாதத்தில் எந்த உயரத்தில் இருக்கிறது என்ற தகவல் இன்னும் மிகக் குறைவு. அரிய இனங்கள் சிலவற்றின் துல்லியமான இடத்தை அந்தத் தளம் தானே மறைத்துவிடும். ஆனால் சமூக வலைத்தளத்தில் படத்தை ஏற்றும்போது கூடு இருக்கும் இடத்தையும் சாலை வளைவின் எண்ணையும் எழுதாமலிருப்பது நம் பொறுப்பு.

மறுமொழி: தேவதாரு

மென்குரல் சொன்னதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. சாத்தாலைச் சுற்றி மறைவிடம் வைத்திருப்பவர்களில் சிலர் சிறு நிலத்தைத் தவிர வேறெதுவும் இல்லாதவர்கள். அந்த நிலத்தை விடுதி கட்ட விற்றுவிடாமல் புதரும் மரமுமாக வைத்திருப்பதற்கு அந்த வருமானமே காரணம். தானியம் போடுவதைக் குறைக்கச் சொல்லலாம், புழு வேண்டாம் என்று சொல்லலாம், தொட்டியை நாள்தோறும் கழுவச் சொல்லலாம்; முற்றாகத் தவிர்த்துவிட்டால் அந்த நிலம் என்னவாகும் என்பதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும். நாம் பணம் கொடுக்கும்போதே இவற்றைச் சொன்னால் கேட்கிறார்கள் என்பது என் அனுபவம்.

ஏரிக்கரை, அப்பாவுக்கு மோனால் பார்க்கும் ஆசை இருக்கும் என்று நினைக்கிறேன். உத்தராகண்டின் மாநிலப் பறவை அது. பிப்ரவரியில் அதற்காக முயல வேண்டாம். கட்வாலில் உள்ள சோப்தாவுக்கு ஏப்ரலில், பனி உருகும் காலத்தில் சென்றால், துங்கநாத் கோயில் வரை ஏறாமலே அதிகாலையில் சாலையை ஒட்டிய புல்வெளிகளில் அது கிழங்கு தோண்டிக்கொண்டிருப்பதைப் பார்க்க வாய்ப்புண்டு. கேதார்நாத் உள்ளிட்ட கோயில்கள் நடை திறந்து யாத்திரைக் கூட்டம் தொடங்குவதற்கு முன் போய்வந்துவிடுங்கள். பிறகு அந்தச் சாலைகளில் வாகனம் நகர்வதே கடினம்.

மறுமொழி: மூங்கில்புதர்

எஞ்சியிருக்கும் நடைமுறைக் கேள்விகளுக்கு வருகிறேன். அருணாசலத்துக்கு வெளியே வசிக்கும் இந்தியர் அனைவருக்கும் உள்நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். குவாஹாத்தியிலிருந்து தேஜ்பூர் வழியாகச் செல்பவர்களை பாலுக்போங் சோதனைச் சாவடியில் நிறுத்திப் பார்ப்பார்கள். அச்சிட்ட படிகள் சிலவற்றைக் கையில் வைத்திருங்கள், ஏனெனில் மலைக்குள் கைப்பேசித் தொடர்பை நம்ப முடியாது. சரணாலயத்துக்குள் செல்வதற்கான ஏற்பாட்டை முகாம் நடத்துபவர்களே செய்து தருவார்கள்.

அங்கே பொழுது நாம் நினைப்பதைவிட மிக முன்னதாக விடியும். நாட்டின் கிழக்கு ஓரம் என்பதால் ஏப்ரல் இறுதியில் நாலரை மணிக்கெல்லாம் நன்றாக வெளிச்சம் வந்துவிடும். பறவைகளின் உச்சநேரமும் அதுவே. மாலையில் சீக்கிரம் இருட்டிவிடும் என்பதால் இரவு எட்டு மணிக்குள் உறங்கிவிடுவது நல்லது. முகாம் என்பது கூடாரமும் எளிய சமையற்கூடமும்தான். மழை எந்த நாளும் வரலாம். கீழ் முகாம்களில் அட்டை உண்டு, முழங்கால்வரை ஏறும் அட்டைக் காலுறை எடுத்துச் செல்லுங்கள். இருநோக்கி எட்டு மடங்கு பெரிதாக்குவதாக இருப்பது போதும். அடர்காட்டின் மங்கிய வெளிச்சத்திலும் விரைந்து நகரும் பறவைக்கும் பத்து மடங்கைவிட அதுவே கைகொடுக்கும்.

ஈகிள்நெஸ்டோடு சேர்த்து சேலா கணவாய்க்கும் பெரும்பாலானோர் செல்கிறார்கள். நீலத்தை மெருகேற்றியது போன்ற கிராண்டாலாக்களின் கூட்டமும், பனிப்புறாக்களும் அங்கே கிடைக்கும். கணவாயின் உயரம் 4,170 மீட்டர். சமவெளியிலிருந்து நேராக அங்கே ஏறினால் தலைவலியும் குமட்டலும் வரும். லாமா கேம்ப்பிலும் பிறகு திராங்கிலும் சில இரவுகள் தங்கி உடல் பழகிய பின் காலையில் ஏறி, பகலிலேயே இறங்கிவிடுங்கள். தலைவலி கூடினால் மருந்துக்காகக் காத்திராமல் உடனே இறங்குவதே முறை. 2024 மார்ச்சில் சேலா சுரங்கப்பாதை திறக்கப்பட்டுவிட்டதால் ஓட்டுநர்கள் இப்போது இயல்பாகவே அதன் வழியாகச் சென்றுவிடுகிறார்கள். பறவைகள் பழைய கணவாய்ச் சாலையில்தான் இருக்கும். ஆகவே கணவாய் வழியாகவே போக வேண்டும் என்று முந்தைய இரவே ஓட்டுநரிடம் சொல்லி, அங்கே சாலை திறந்திருக்கிறதா என்பதையும் அவரிடமே விசாரித்துக்கொள்ளுங்கள்.